லைன் அக்காவும் ஒற்றைச் செருப்பும்

ஆங்கிலத்திலிருந்து வந்து நம் வாயில் குடியேறிய சொற்களில் ‘லைன்’ அளவுக்கு உழைக்கும் சொல் வேறு இருக்க முடியாது. கடையில் முண்டியடித்தால் ‘லைன்ல நில்லுங்க’ என்கிறோம். தொலைபேசியில் ‘லைன்லயே இருங்க’ என்கிறோம். ஒரு பையன் ஒரு பெண்ணையே சுற்றிச் சுற்றி வந்தால் லைன் போடுகிறான். சுவரோடு சுவர் ஒட்டி நிற்பவை லைன் வீடுகள். மகனை என்ன படிக்கவைப்பது என்று புரியாத தகப்பன் ‘எந்த லைன்ல விடுறதுன்னே தெரியல’ என்று தலையைச் சொறிகிறான். மின்சாரம் நின்றால் லைன் போச்சு, திரும்பினால் லைன் வந்துடுச்சு. ஒற்றைச் சொல்லின் தலையில் இத்தனை வேலையைக் கட்டிவிட்டு நாம் பாட்டுக்கு இருக்கிறோம்.

துணைமின் நிலையத்தில் ஆபரேட்டராக இருக்கும் அக்காவுக்கு இந்த அர்த்தங்கள் எல்லாமே தெரியும். ஆனால் அந்தச் சொல் காதில் விழுந்தால் அவளுக்கு முதலில் வருவது பயம். அர்த்தம் அதற்குப் பிறகுதான் வந்து சேரும். தெருவில் யாரோ யாரையோ ‘லைன்ல வாய்யா’ என்று அதட்டினாலும் அவள் ஒரு முறை நின்று திரும்பிப் பார்ப்பாள். ஊர் அவளுக்கு வைத்திருக்கும் பெயரோ லைன் அக்கா. ஊரைச் சொல்லியும் குற்றமில்லை. மின்சாரம் போன மறு நிமிடம் எல்லாரும் அழைக்கும் எண் அவள் மேசையில்தான் இருக்கிறது. “அக்கா, லைன் எப்ப வரும்?” என்று ஊரே கேட்கும். “வந்துடும், வந்துடும்” என்று சொல்லும்போது அவள் குரல் அமைதியாகத்தான் இருக்கும். மேசைக்குக் கீழே கால் மட்டும் ஆடிக்கொண்டிருக்கும்.

துணைமின் நிலையம் ஊர்க் கடைசியில் இருக்கிறது. கம்பிவேலி, ஜல்லி பரப்பிய முற்றம், ஓயாமல் முனகிக்கொண்டிருக்கும் இரண்டு பெரிய டிரான்ஸ்பார்மர்கள், பக்கத்தில் ஓர் அறை. அறைக்குள் ஆளுயர இரும்புப் பலகை. ஊரின் ஒவ்வொரு பகுதிக்கும் போகும் லைனுக்கு அதில் ஒரு கைப்பிடி. கைப்பிடிக்கு மேலே சிவப்பு விளக்கு எரிந்தால் கம்பியில் உயிர் இருக்கிறது, பச்சை எரிந்தால் இல்லை. லைன்மேன் வேலைக்குப் போகும்போது கைப்பிடியை ஒரு பக்கம் திருப்ப வேண்டும். அவர் முடித்துவிட்டு வந்ததும் மறுபக்கம் திருப்ப வேண்டும். சின்னக் குழந்தைகூடச் செய்துவிடும். அவளைப் பயமுறுத்துவதே அதுதான். இவ்வளவு சின்ன வேலையால் ஓர் ஆளைக் கொல்ல முடியும் என்பது அவளுக்குக் கல்யாணத்துக்கு முன்பே தெரிந்துபோயிற்று.

அவள் அப்பா லைன்மேன். ஒரு மத்தியானம் இன்னும் இரண்டு பேரோடு வேலைக்குப் போனார். வேலை முடிந்தது, எல்லாரும் இறங்கினார்கள். கூட வந்தவர்களில் ஒருவர் தொலைபேசியில் ‘முடிஞ்சது, லைன் குடுங்க’ என்றார். அவர் சொன்னது பொய்யில்லை. அந்த நேரத்தில்தான் அப்பாவுக்கு ஸ்பேனரை மேலேயே விட்டுவிட்டு வந்தது நினைவுக்கு வந்தது. ‘இதோ’ என்றுகூட யாரிடமும் சொல்லாமல் மறுபடி ஏறினார். இங்கே, இதே பலகைக்கு முன்னால் உட்கார்ந்திருந்த ஆபரேட்டர் கைப்பிடியைத் திருப்பினார். அவர் தடித்த கண்ணாடி போட்டவர். கம்பத்தடியில் அப்பா கழற்றி வைத்திருந்த செருப்பு மறுநாள் ஒரு துணிப்பையில் வீட்டுக்கு வந்தது. அப்பா வந்த கோலத்தை அவள் இன்றுவரை யாரிடமும் வாய்விட்டுச் சொன்னதில்லை.

கண்ணாடிக்காரர் மேல் தப்பில்லை என்று விசாரணையில் முடிவு செய்தார்கள். அவள் அதை ஒப்புக்கொள்ளவே இல்லை. கொஞ்சம் பொறுத்திருந்தால் என்ன குடி முழுகிப் போயிருக்கும் என்பது அவள் கேள்வி. அவர் வேறு ஊருக்கு மாற்றலாகிப் போனார். ஓய்வு பெற்றதும், வேறு போக்கிடம் இல்லையோ என்னவோ, இங்கேயே திரும்பி வந்துவிட்டார். எந்தக் கடையிலாவது அவர் நிற்பதைப் பார்த்துவிட்டால் அக்கா அந்த வரிசையில் நிற்க மாட்டாள். சாமான் வாங்காமல் வெறும் பையோடு வீடு திரும்பிய நாட்கள் உண்டு. “கடை லீவா?” என்று புருஷன் கேட்பார். “ஆமா” என்று சொல்லிவிட்டு அடுப்படிக்குப் போய்விடுவாள்.

அப்பா போனதற்கு ஈடாக வீட்டில் ஒருவருக்கு வேலை தருவதாகச் சொன்னார்கள். தம்பி அப்போது பள்ளிக்கூடத்தில் படித்துக்கொண்டிருந்தான். அவள் டைப்ரைட்டிங் முடித்திருந்தாள். ஆபீசில் எங்காவது ஒரு மூலை கொடுங்கள் என்றுதான் கேட்டாள். அவர்கள் கொடுத்தது கண்ணாடிக்காரர் விட்டுப்போன நாற்காலியை. எதைக் கண்ணால் பார்க்கவே கூடாது என்று நினைத்தாளோ அதற்கு நேர் எதிரில் கொண்டுபோய் உட்காரவைத்தார்கள். அடுப்பு எரிய வேண்டுமே, உட்கார்ந்தாள். முதல் நாள் கைப்பிடியைத் திருப்பிவிட்டு வெளியே ஓடிப்போய் வாந்தி எடுத்தாள்.

அந்தப் பயத்தில் பிறந்ததுதான் செருப்பு வழக்கம். லைன்மேன்கள் வேலைக்குக் கிளம்பும்முன் துணைமின் நிலையத்தில் செருப்பைக் கழற்றிவிட்டு ரப்பர் பூட்ஸ் மாட்டிக்கொள்வார்கள். கழற்றிய ஜோடியில் ஒன்றை அவரவர் கையாலேயே, அணைத்துவைத்த கைப்பிடியில் மாட்டிவிட்டுப் போக வேண்டும் என்றாள் அக்கா. இன்னொன்று பலகைக்குக் கீழே கிடக்கும். இரண்டு பேர் போனால் இரண்டு செருப்பு தொங்கும். மாட்டியவர்தான் திரும்பி வந்து எடுக்கலாம். ஒரு செருப்பு தொங்கினாலும் லைன் கிடையாது, கூப்பிடுவது மந்திரியே ஆனாலும் கிடையாது. வேலை முடிந்தது என்று எழுதித் தரும் சீட்டு, கையெழுத்து எல்லாம் முறைப்படி உண்டு. ஆனால் சீட்டை அவசரத்தில் யாரும் யாருக்காகவும் நீட்டிவிடலாம், செருப்போ தன்னைப் போட்டவனின் காலையே தேடிக்கொண்டிருக்கும் என்பது அவள் கணக்கு.

முதலில் சிரித்தார்கள். “இது என்ன லைன் ஆபீசா, செருப்புக் கடையா?” என்று கேட்டார் தாடி. அவர்தான் லைன்மேன்களில் மூத்தவர், தாடியைத் தவிர அவருக்கு வேறு பெயர் இருப்பதையே எல்லாரும் மறந்துவிட்டார்கள். “நீங்க உயிரோட வந்து திட்டுங்க அண்ணே, வாங்கிக்கறேன்” என்றாள் அவள். தாடி அவள் அப்பாவோடு வேலை பார்த்தவர். அதற்குப் பிறகு அவர் சிரிக்கவில்லை. மறுநாள் முதல் ஆளாகச் செருப்பை மாட்டியதும் அவர்தான்.

இனி புருஷனைப் பற்றிச் சொல்ல வேண்டும். அவர் தையல்காரர். அவள் வேலைக்குப் போட்டுக்கொள்ளும் சட்டைக்கு அளவு கொடுக்கப் போன இடத்தில் பழக்கம். லைன் போடுகிறார் என்று தெருவில் பேசினார்கள். தொழிலுக்கு ஏற்றபடி அவர் நூல் விட்டுப் பார்த்தார் என்று சொல்வதுதான் சரி. நூல் வேலை செய்தது. இப்போது குடியிருப்பது லைன் வீட்டில். முன்னறையில் தையல் மெஷின், பின்னறையில் குடித்தனம்.

அவரிடம் ஒரு நாள், கல்லூரியில் ஆங்கிலம் சொல்லிக்கொடுக்கும் ஒருவர் கோட்டு லைனிங்கை மாற்றக் கொண்டுவந்தார். கோட்டைக் கொடுத்துவிட்டுக் கொஞ்ச நேரம் பக்கத்தில் உட்கார்ந்து பேசிவிட்டுப் போனார். அன்று அக்கா வீட்டுக்குள் காலை வைத்ததும் புருஷன் பிடித்துக்கொண்டார்.

“ஏம்மா, உன் லைனும் என் லைனிங்கும் ஒரு வயித்துப் பிள்ளைங்க, தெரியுமா?”

“வந்ததும் வராததுமா ஆரம்பிக்காதீங்க.”

“கேளேன். ஆளிவிதை இருக்குல்ல, அந்தச் செடிக்கு லத்தீன்ல லினம்னு பேராம். நீலமா பூ பூக்குமாம். அதோட தண்டுலேர்ந்து நார் எடுத்து நூல் நூத்திருக்காங்க. அந்தத் துணிதான் லினன். கோட்டுக்கு உள்பக்கம் அத வெச்சுத் தைச்சதால லைனிங். அந்த நூல இழுத்துக் கட்டினா நேரா நிக்குமே, அதுதான் லைன். கோடு, வரிசை, கம்பி, தொழில் எல்லாம் அப்புறமா வந்து ஒட்டிக்கிட்டது. மொதல்ல அது வெறும் நூல்தான்!”

“அதனால?”

“அதனால என்ன அதனால! நம்ம கொத்தனாரும் நூல் பிடிச்சுத்தானே சுவர் எழுப்புறாரு? நேரா இருந்தா நூல் பிடிச்ச மாதிரி இருக்குன்னுதானே சொல்றோம்? எங்கயோ இருந்தவனுக்கும் நமக்கும் ஒரே புத்தி பாரு.”

உலகத்தையே தன் மெஷினில் தைத்துவிட்ட சந்தோஷம் அவர் முகத்தில். அவள் வெளியே காட்டிக்கொள்ளவில்லை. ஆனால் மறுநாள் தொலைபேசியில் யாரோ ‘லைன்’ என்றபோது, பயம் வருவதற்கு முன்னால் ஒரு நீலப் பூ வந்தது. கொஞ்ச நாள் அந்தப் பூவைப் பிடித்துக்கொண்டே வேலை பார்த்தாள்.

ஆங்கில ஆசிரியர் கோட்டைத் திரும்ப வாங்க வந்த அன்று அதுவும் போயிற்று. புருஷன் சாப்பிட உட்கார்ந்ததுமே ஆரம்பித்தார். “டெட்லைன்னு சொல்றோம்ல, வேலை முடிக்கிற கெடு. அது எங்கேர்ந்து வந்துச்சு தெரியுமா? அந்தக் காலத்துல ஒரு போர் நடந்தப்ப, சிறையில கைதிங்களுக்கு ஒரு எல்லை போட்டு வெச்சிருந்தாங்களாம். அதத் தாண்டி ஒருத்தன் கால வெச்சா கேள்வி முறையே கிடையாது. காவல்காரன் சுட்டுடுவான். அந்தக் கோட்டுக்குப் பேருதான் டெட்லைன்.”

அவள் சோற்றில் கையை வைத்தபடியே இருந்தாள். “இத ஏன் எங்கிட்ட வந்து சொல்றீங்க?” என்றாள். அவருக்குச் சட்டென்று உறைத்தது. “சும்மா ஒரு தகவலுக்கு...” என்று இழுத்துவிட்டுத் தண்ணீர் குடித்தார். ஒரு கோடு, தாண்டினால் சாவு. காவல்காரனின் இடத்தில் தான் உட்கார்ந்திருப்பதாக அவளுக்குத் தோன்றிவிட்டது. அதற்குப் பிறகு நீலப் பூ எட்டிப் பார்க்கவில்லை.

இவ்வளவு பயத்துக்கும் நடுவில் தம்பி போய் லைன்மேன் ஆனான். அவள் அழுதாள், கையைப் பிடித்துக் கெஞ்சினாள், சில மாதம் பேசாமல் இருந்து பார்த்தாள். “அப்பா பார்த்த வேலதானே அக்கா” என்றான். அதனால்தான் வேண்டாம் என்கிறாள் என்பது அந்த மரமண்டைக்கு ஏறவில்லை. நெட்டையாக, ஒல்லியாக, எங்கே நின்றாலும் ஒரு காலைத் தூக்கி மற்றதன் மேல் தேய்த்துக்கொண்டே நிற்பான். அதனால் அவன் பெயர் கொக்கு. அவன் கம்பத்தில் ஏறும் நாட்களில் அக்காவுக்குப் பச்சைத் தண்ணீர் பல்லில் படாது. வேலை முடிந்து வந்து, கைப்பிடியிலிருந்து செருப்பை எடுத்து, அவள் காதருகே குனிந்து, “அக்கா, கொக்கு எறங்கிடுச்சு” என்பான். அப்போதுதான் அவளுக்கு மூச்சு ஒழுங்காக வரும்.

காலைத் தேய்த்துத் தேய்த்து நடப்பதால் அவன் செருப்பு வார் அடிக்கடி பிய்ந்துபோகும். மாமாவிடம் போடுவான். மாமாவும் மற்ற வேலையை ஒதுக்கிவைத்துவிட்டு, தடித்த லினன் நூல் கோத்துக் கையால் தைத்துக் கொடுப்பார். மச்சான் மேல் அவருக்கு அவ்வளவு பிரியம். “இந்தத் தையல் உன் காலுக்கப்புறமும் இருக்கும்டா” என்பார். இருக்காது. அடுத்த மாதம் திரும்ப வரும்.

அன்று காலையிலிருந்து காற்று. மார்க்கெட் பக்கம் போகும் லைன்மேல் ஒரு பெரிய கிளை சாய்ந்துவிட்டது. தாடியும் கொக்கும் கிளம்பினார்கள். பூட்ஸை மாட்டிக்கொண்டு ஆளுக்கொரு செருப்பைக் கைப்பிடியில் தொங்கவிட்டார்கள். கொக்கின் செருப்பில் வார் பாதி பிய்ந்திருந்தது.

“இதக் குப்பையில போடேன்டா.”

“மாமா எதுக்கு இருக்காரு?” என்று சிரித்துவிட்டுப் போனான்.

மத்தியானம் தாடி மட்டும் வந்தார். தன் செருப்பை எடுத்தார். “முடிஞ்சுதும்மா. எர்த் கழட்டியாச்சு. கொக்கு பின்னாலயே சைக்கிள்ல வர்றான்” என்றார். எர்த் என்பது, ஆள் மேலே இருக்கும்போது தெரியாமல் மின்சாரம் வந்தாலும் அது தரைக்குப் போய்விடும்படி லைனில் மாட்டிவைக்கும் கம்பி. அதைக் கழற்றிவிட்டால் ஆளுக்கும் சாவுக்கும் நடுவில் இருப்பது அக்காவின் கை மட்டும்தான். தாடி அடுத்த புகாருக்கு ஓடினார். கொக்கு வரவில்லை. அவன் போன் அணைந்து கிடந்தது. கைப்பிடியில் ஒற்றைச் செருப்பு தொங்கிக்கொண்டிருந்தது.

இன்ஜினியர் கூப்பிட்டார். ஊருக்குப் புதியவர், கெட்டவர் இல்லை, அவசரக்காரர். “மேடம், மார்க்கெட் லைன் ஏன் இன்னும் குடுக்கல?”

“ஒரு ஆள் இன்னும் வரல சார். செருப்பு இருக்கு.”

“என்னது?”

“செருப்பு சார். அவன் வந்து எடுக்கணும்.”

“மேடம், அந்த லைன்லதான் ஆஸ்பத்திரி இருக்கு. ஜெனரேட்டர் நின்னுபோச்சு. ஆபரேஷனுக்கு ஒருத்தர மேசையில படுக்கவெச்சுட்டு நிக்கிறாங்க. தாடிகிட்ட நானே பேசிட்டேன், எல்லாம் முடிஞ்சதுன்னுட்டாரு. அஞ்சு நிமிஷம்தான் உங்களுக்கு டெட்லைன்.”

அந்தச் சொல்லை அவர் சொல்லியிருக்க வேண்டாம்.  அதே நேரம் முற்றத்தில் டிரான்ஸ்பார்மர் எண்ணெய் சூடாகிவிட்டது என்று எச்சரிக்கை மணி அடிக்க ஆரம்பித்தது. அதைப் போய்ப் பார்த்தே ஆக வேண்டும். “இதோ வந்துடறேன் சார்” என்று ரிசீவரை மேசைமேல் வைத்துவிட்டு ஓடினாள். அதைக் குளிர்விக்கும் விசிறியை ஓடவிட்டு, சூடு காட்டும் முள் இறங்குகிறதா என்று நின்று பார்த்துவிட்டு, ஜல்லி காலைக் குத்தத் திரும்பி வந்தாள்.

கைப்பிடியில் செருப்பு இல்லை.

அப்பாடா என்று இருந்தது அவளுக்கு. வந்துவிட்டான். நெஞ்சிலிருந்து ஒரு பாறாங்கல் இறங்கியது. சொல்லாமல் கொள்ளாமல் போனதற்கு மனதுக்குள்ளேயே நாலு திட்டும் திட்டிக்கொண்டாள். ரிசீவரை எடுத்தாள்.

“வந்துட்டாரா?”

“வந்துட்டான் சார். எடுத்துட்டான்.”

“அப்ப குடுங்க மேடம், சீக்கிரம்!”

கைப்பிடியைப் பிடித்தாள். இரும்பு ஜில்லென்று இருந்தது. எல்லாம் முறையாக இருக்கிறது. தாடி முடிந்தது என்றார், செருப்பு போய்விட்டது, இன்ஜினியர் சொல்கிறார், அங்கே மேசைமேல் ஓர் உயிர் காத்துக் கிடக்கிறது. திருப்ப வேண்டியதுதான் பாக்கி. கை திரும்பவில்லை.  அப்பா போனதிலிருந்து கூடவே வரும் அதே பயம்தான், புதிதாக ஒன்றும் இல்லை. இந்தப் பயத்துக்காக எத்தனையோ முறை கேலிக்கு ஆளானவள். ‘சீ, திருப்பு’ என்று தன்னையே அதட்டினாள். ‘கொக்கு எறங்கிடுச்சு’ என்று அவன் சொல்லவில்லையே என்றது பயம்.

“மேடம், லைன்ல இருக்கீங்களா?”

கைப்பிடியைப் பிடித்தபடியே குனிந்து பலகைக்குக் கீழே பார்த்தாள். ஜோடியில் மற்றது, நல்ல செருப்பு, அங்கேயே கிடந்தது.

கையைச் சுட்டுக்கொண்டவள் போல வெடுக்கென்று எடுத்தாள். “சார், குடுக்க மாட்டேன்.”

“இப்பத்தானே வந்துட்டான்னீங்க!”

“இன்னொரு செருப்பு இங்கயே கெடக்கு சார். ஒத்தச் செருப்ப மாட்டிக்கிட்டு எவனாவது போவானா?”

“பூட்ஸோட போயிருப்பாரும்மா! ஆஸ்பத்திரியில ஏதாவது ஆச்சுன்னா நீங்கதான் பதில் சொல்லணும், புரியுதா?”

“சொல்றேன் சார்.”  அந்த மேசையில் படுத்திருப்பவருக்கும் ஒரு பிள்ளை வெளியே நிற்கும். இரண்டு பக்கமும் உயிர், நடுவில் அவள் கை. ஆண்டவனே, இதை ஏன் என் தலையில் கட்டினாய் என்று அழுகை முட்டியது.

வாட்ச்மேனைக் கூவி அழைத்தாள். “யாரு உள்ள வந்தது?”

“உங்க வீட்டுக்காரர்தாம்மா. சாப்பாடு வெச்சுட்டு அப்பவே போயிட்டாரே.”

மேசை ஓரத்தில் டிபன் கேரியர் இருந்தது. இவ்வளவு நேரம் அது கண்ணில் படவே இல்லை. தன் செல்போனில் அவரை அழைத்தாள்.

“கொக்கு செருப்பா? ஆமா, எங்கிட்டதான் இருக்கு. வார் பிஞ்சு கீழ விழுந்து கெடந்துச்சு. பையன் எப்படி வீட்டுக்கு நடப்பான்னு எடுத்துட்டு வந்தேன். இதோ, தைச்சுட்டேன், நூல அறுக்க வேண்டியதுதான்...” அவர் சாவகாசமாகப் பேசிக்கொண்டே போனார்.  அப்படியே தரையில் உட்கார்ந்தாள். “என்னம்மா? ஏய், என்ன ஆச்சு?” என்று போன் கேட்டுக்கொண்டே இருந்தது.

தம்பி வந்தபோதும் அவள் தரையில்தான் இருந்தாள். பூட்ஸ் காலோடு, முழங்கையில் சிராய்ப்போடு வந்தான். தாடி கிளம்பிய பிறகு, அடுத்த கம்பத்தில் ஒரு கட்டு தளர்ந்திருப்பதைப் பார்த்திருக்கிறான். ரெண்டு முறுக்கு முறுக்கினால் தீர்ந்தது என்று தனியாக ஏறியிருக்கிறான். எர்த் இல்லாமல். அப்பாவின் பிள்ளை.

“அக்கா, கொக்கு எற...” என்று ஆரம்பித்துக் கைப்பிடிக்குக் கையை நீட்டினான். அங்கே ஒன்றும் இல்லை. வெறும் கைப்பிடியைப் பார்த்தான். தரையில் கிடந்த அக்காவைப் பார்த்தான். நீட்டிய கை அந்தரத்திலேயே நின்றது. அவன் முகத்தில் பயத்தை அவள் அன்றுதான் முதல்முதலாகப் பார்த்தாள். எழுந்து பளாரென்று ஒன்று விட்டாள். பிறகு அவன் சட்டையை இரண்டு கையாலும் கொத்தாகப் பிடித்துக்கொண்டு விடாமல் நின்றாள்.

லைன் கொடுத்தாள். சிவப்பு விளக்கு எரிந்தது. ஆஸ்பத்திரியில் ஆபரேஷனைத் தள்ளிவைத்திருந்தார்கள், அந்த மனிதரும் பிழைத்துக்கொண்டார். இன்ஜினியர் மெமோ ஒன்றும் அனுப்பவில்லை. சாயங்காலம் நேரில் வந்தார், வெறும் கைப்பிடியையும் கீழே கிடந்த செருப்பையும் மாறி மாறிப் பார்த்தார், தண்ணீர் வாங்கிக் குடித்துவிட்டுப் போனார்.

வீட்டில் தையல்காரர் மெஷின் முன்னால் அந்தச் செருப்பை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். மச்சானைக் கண்டதும் குலுங்கிக் குலுங்கி அழுதார். “எங்கையாலயேடா... எங்கையாலயே...” என்றார். “எனக்கு ஒண்ணும் ஆகல மாமா” என்று அவன் திரும்பத் திரும்பச் சொன்னான். அதற்குப் பிறகு பல நாள் அவர் ஊசியைத் தொடவில்லை. தொட்டபோது முதலில் செய்தது, தடித்த லினன் நூலைக் கைநீளம் கைநீளமாக வெட்டி ஒரு கட்டாக மனைவியிடம் கொடுத்ததுதான். “மாட்டினா விழும். இதால கட்டச் சொல்லு. கட்டினவன்தான் அவிழ்க்கணும்” என்றார். சொல்லின் பூர்வீகம் எதையும் அன்று பேசவில்லை. இப்போது அந்தப் பலகையில் செருப்புகளை நூலால்தான் கட்டுகிறார்கள்.

அக்காவுக்குப் பயம் குறைந்ததா என்றால் இல்லை, கூடியது. புதிதாக ஒன்றும் சேர்ந்துகொண்டது. துணி துவைக்கும்போது, பாத்திரம் கழுவும்போது, திடீரென்று உள்ளங்கையில் அந்த இரும்பின் ஜில்லிப்பு ஏறும். திருப்பியிருந்தால்? விசாரணை வைத்திருப்பார்கள். தாடி முடிந்தது என்றார், செருப்பு இல்லை, மேலதிகாரி சொன்னார். அக்கா மேல் தப்பில்லை என்று முடிவு செய்திருப்பார்கள். அதே வார்த்தைகள். அதைக் கையில் வைத்துக்கொண்டு அவள் எந்தத் தெருவில் போய் எப்படி வாழ்ந்திருப்பாள் என்று நினைத்தால் சோப்பு நுரையோடு கை அப்படியே நின்றுவிடும்.

ஒரு நாள் காலையில் மருந்துக்கடைக்குப் போனாள். நாலைந்து பேர் நின்றார்கள். கடைசியில் நின்றவர் கண்ணாடிக்காரர். வழக்கம்போல அவள் கால் திரும்பப் பார்த்தது. அதற்குள் அவர் அவளைப் பார்த்துவிட்டார். பார்த்ததும் சீட்டைச் சட்டைப் பையில் திணித்துக்கொண்டு வரிசையிலிருந்து விலகி, சுவர் ஓரமாக நழுவினார். அவளுக்கு அப்போதுதான் புரிந்தது. இத்தனை காலமும் மருந்தில்லாமல், சாமானில்லாமல் வெறுங்கையோடு வீடு திரும்பியது தான் மட்டும் இல்லை.

“ஐயா” என்றாள். அவர் நின்றார். “எங்கயும் போகாதீங்க. லைன்லயே நில்லுங்க.”

அவர் மெல்லத் திரும்பி வந்து பழைய இடத்தில் நின்றார். அவள் அவருக்குப் பின்னால் நின்றாள்.  அவர் தன் வலது கையை இடது கையால் பிடித்துக்கொண்டிருந்தார். வரிசை ஓர் அடி நகர்ந்தது, இருவரும் நகர்ந்தார்கள். அவர் திரும்பாமலே, கடைக்காரருக்குக் கேட்காத குரலில் கேட்டார்.

“அன்னிக்கு... உன் தம்பி எறங்கிட்டானாம்மா?”

“எறங்கிட்டான் ஐயா.”

“நல்லாப் பார்த்தியா?”

“பார்த்தேன் ஐயா. எறங்கிட்டான்.”

அவர் தலையை ஆட்டினார். “எறங்கிட்டானா... எறங்கிட்டானா...” என்று தனக்குள்ளேயே சொல்லிக்கொண்டிருந்தார், அவர் முறை வந்து கடைக்காரர் இரண்டு தடவை கூப்பிடும்வரை.